கணுவில் ஒடிந்த கொடி

அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயர் அவளுக்கே சட்டென்று ஞாபகம் வராது.

வேலை அப்படி. ஆராய்ச்சிப் பண்ணையின் கண்ணாடிக் கூடத்தில் பீன்ஸ் செடிகள் மூன்றாம் இலை விட்டதும், பாக்டீரியா கலந்த நீரில் ஊசியைத் தோய்த்து ஒவ்வோர் இலையிலும் குத்துவாள். வேண்டுமென்றே நோய் கொடுப்பதுதான் வேலையே. பதினான்காம் நாள் வந்து மார்க் போடுவாள். குத்தின இடத்தில் நீர் கோத்து, மஞ்சள் விளிம்பு கட்டி, இலை தீய்ந்து போயிருந்தால் ஒன்பது. வெறும் ஊசித் தழும்போடு நின்றால் ஒன்று. குறைந்த மார்க் வாங்கினதுதான் பாஸ். பாஸான செடிகளின் காய் பெரும்பாலும் வாயில் வைக்க முடியாத நாராக இருக்கும். அதனால் ருசியான ரகத்தின் விரியாத மொட்டைப் பிரித்து, பத்து மகரந்தக் காம்புகளையும் இடுக்கியால் பிடுங்கிவிட்டு, பாஸான செடியின் மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டித் தேதி எழுதித் தொங்கவிடுவாள். பிறந்த பிள்ளைகளுக்கு மறுபடி ஊசி. பத்தொன்பது வருஷமாக இதேதான்.

"இத்தனை வருஷமா ஊசி போடுறியே, ஒருத்தருக்காவது குணமாச்சா?" என்பார் வாசல் காவலாளி.

"உங்களுக்கு ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமா அண்ணே?"

கூடத்துக்கு இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். நடுவில் ஆள் நிற்கிற அளவு இடம். அங்கேதான் உடுப்பு மாற்ற வேண்டும். உள்ளே காற்று ஈரத்துணி போல முகத்தில் ஒட்டும். வெளியே வந்த பிறகும் ஒரு விதி கூடவே வரும்: நோய்க் கூடத்தில் வேலை செய்தவர்கள் பத்து நாள் கழியாமல் எந்த பீன்ஸ் வயலிலும் கால் வைக்கக் கூடாது. தினமும் உள்ளே போகிறவளுக்குப் பத்து நாள் எப்படிக் கழியும்?

அவளுடைய அப்பா பீன்ஸ் விவசாயி. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வீட்டுக்குப் பின்னாலேயே வயல். பத்தொன்பது வருஷமாக அதைச் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். "அங்கேருந்தே பாரு, கிட்ட வந்துடாதே" என்று கத்திவிட்டு அப்பா வரிசைக்குள் மறைந்துவிடுவார். முப்பது வருஷம் அவரே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த விதை அது. வேறு யாரிடமும் அந்தக் காய் கிடையாது என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒருவழியாக மாற்றல் உத்தரவு வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து விதைக் கிடங்கில் வேலை. ஊசி இல்லை, இரட்டைக் கதவு இல்லை, விதியும் இல்லை. கூடத்தைக் கணக்கு முடித்து ஒப்படைத்த ஆறாம் நாள் அப்பா போன் செய்தார்.

"பூ விட்டிருக்கு பெரியவளே. இப்பவாவது உள்ள வந்து பாரேன்."

ஆறு என்ன, பத்து என்ன என்று தோன்றிவிட்டது. இரண்டு தடவை தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினாள்.

புது வீடு கட்டினவர் அறை அறையாகக் காட்டுவதுபோல அப்பா வரிசை வரிசையாகக் காட்டினார். கடைசி வரிசையில் நாலைந்து கொடிகள் அடியில் ஒடிந்து சாய்ந்திருந்தன. இலைகளைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. பையில் கிடந்த நூலை எடுத்து நிமிர்த்திக் கட்டினாள். காற்றில் சாய்ந்திருக்கும் என்றார் அப்பா. இருக்கும் என்றாள்.

பன்னிரண்டாம் நாள் தம்பியின் போன். "அக்கா, இலையெல்லாம் மஞ்சக் கட்டித் தீயுது. நீ நூல் கட்டின வரிசையிலதான் முதல்ல ஆரம்பிச்சது."

அப்பா போனைப் பிடுங்கினார். "உன் ஆபீஸ் சீக்கை என் வீட்டுக்கே கொண்டுவந்துட்டியா?"

மறுநாள் அவளே தம்பிக்குப் போன் செய்தாள்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. கூடத்துக் கிருமி அடையாளம் வைத்து வளர்த்தது. ஒரு குறிப்பிட்ட மருந்தைத் தாங்கும்படி பழக்கியது. வெளிக் கிருமி அந்த மருந்தில் செத்துப்போகும். நோய் இலையும், டப்பாவில் மிச்சமிருக்கும் போன வருஷ விதை ஒரு கைப்பிடியும் அனுப்பச் சொன்னாள். அவற்றை எடுத்துக்கொண்டு நோய்ப் பிரிவின் தலைவியான டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"ஆறாம் நாள்னு தெரிஞ்சேதான் போனியா?"

"தெரிஞ்சேதான் மேடம்."

"நம்ம கிருமியா இருந்தா மாற்றல் போயிடும். வேலையும் போகலாம்."

"போகட்டும் மேடம். எனக்குத் தெரியணும்."

இலையையும் விதையையும் அரைத்துத் தட்டுகளில் தடவி, கிருமி வளர வைத்து, மூன்றாம் நாள் திறந்தார்கள். மருந்து கலந்த தட்டுகள் கழுவி வைத்தவைபோல வெறுமையாக இருந்தன. மருந்தில்லாத தட்டுகளில் மஞ்சள் மஞ்சளாகக் கொழகொழத்த பொட்டுகள். இலையிலிருந்து வந்தவை. விதையிலிருந்தும் வந்தவை.

"நீ தப்பிச்சே போ" என்றார் டாக்டரம்மா.

அவள் நினைத்தது அந்தச் சாய்ந்த கொடிகளை. காற்று ஒடித்தால் எங்கே வேண்டுமானாலும் ஒடியும். அவை ஒடிந்தது அடிக்கணுவில், எல்லாம் ஒரே இடத்தில். விதையோடு வரும் நோய் கணுவை அரித்துத்தான் ஒடிக்கும். பத்தொன்பது வருஷம் இலைக்கு மார்க் போட்ட கண், இலையை மட்டும் பார்த்துவிட்டுத் தண்டுக்கு நூல் கட்டியிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னாள். "எங்க கிருமி இல்லப்பா. உங்க விதைக்குள்ளயே இருந்திருக்கு. எத்தனை வருஷமாவோ."

அப்பா விதை டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பது போனில் கேட்டது.

"நீயே கொண்டுவந்திருந்தாத் தேவலை" என்றார் கடைசியில். "உன்னை ரெண்டு திட்டு திட்டிட்டு அடுத்த வருஷம் விதைச்சிருப்பேன்."

"அப்பா..."

"அந்த விதைக்கு வைத்தியம் இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

இருந்தது. நோய் தாங்கும் செடியோடு சேர்த்து, பிறந்ததற்கு ஊசி குத்தி, பிழைத்ததை மறுபடி அப்பாவின் ரகத்தோடு சேர்த்து, மறுபடி குத்தி, இப்படி ஆறு தலைமுறை. வருஷத்துக்கு இரண்டு ஆகும். பிறகு குணம் நிலைக்க இன்னும் இரண்டு வருஷம். அப்பாவுக்கு எழுபத்தொன்று.

"ஆரம்பி" என்றார்.

மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். "கைக்கு எட்டினதை விடுறே." ஓரத்து மேசை ஒன்றை அவளுடைய தொட்டிகளுக்கு ஒதுக்கினார். "வாங்க வாங்க, மாமியார் வீட்டுக்கே திரும்பியாச்சா?" என்றார் காவலாளி. முதல் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் மூடியது.

அப்பா கடை விதையை வாங்கி முணுமுணுத்துக்கொண்டே விதைத்தார். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஊசி குத்தின பதினான்காம் நாள் போன் வரும்.

"எவ்வளவு?"

"நல்லதா நின்னதே அஞ்சுப்பா."

"போன தடவை?"

"ஆறு."

"ம்." வைத்துவிடுவார். வேறு பேச்சே அவர்களுக்குள் இல்லாமல் போனது.

மூன்றாம் வருஷம், ஆறாம் தலைமுறைக்கு ஊசி குத்தி ஐந்தாம் நாள், அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். வயல் வழியாகத்தான் தன்னைத் தூக்கிப் போக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாராம். அவள் சமையலறையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி உள்ளே வந்தான்.

"வாக்கா. இன்னிக்கு யாரு கேக்கப்போறா?"

"அவரே கேப்பாருடா."

வரிசைகளுக்கு நடுவே அவர்கள் போவது ஜன்னலில் கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் கொடிகள் மறைத்துவிட்டன.

பதினான்காம் நாள் தொட்டி தொட்டியாகப் பார்த்தாள். இருபத்தேழாவது தொட்டியில் ஊசித் தழும்பைச் சுற்றி மெல்லிய ஒரு வளையம், அவ்வளவுதான். இலையைப் புரட்டினாள். குனிந்து அடிக்கணுவைத் தடவிப் பார்த்தாள். நோட்டில் இரண்டு என்று எழுதினாள்.

உள்கதவைத் தாண்டி வந்து நடுவில் உடுப்பு மாற்றும்போது போன் அடித்தது. தம்பி. அவன் அதுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"எவ்வளவுக்கா?"

"ரெண்டு."

"அப்ப விதைக்கலாமா?"

"இன்னும் ரெண்டு வருஷம்டா" என்றாள். வெளிக்கதவு இன்னும் திறக்கவில்லை.