ரிசர்வில் நின்ற வண்டி

குற்றச்சாட்டு: 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 11ஆம் தேதி, புதன்கிழமை முற்பகல், மணவூர் ரயில்வே கேட்டில், தண்டவாளங்களுக்கு நடுவே எனது இருசக்கர வாகனம் நின்றுபோனது. பின்னிருக்கையில் என் மனைவி பிரேமா இருந்தாள். மேற்படி வாகனத்தின் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தண்ணீரால் அலசி, முழுதும் உலரவிடாமல் மாட்டிக் கொடுத்த மெக்கானிக் திரு. தணிகைவேல் அவர்களின் கவனக்குறைவே இதற்குக் காரணம் என இதன்மூலம் குற்றம்சாட்டுகிறேன்.

கீழே கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டை இணைத்து, ஹேமநாதன் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினான். தபால் நிலையத்தில் முகவரியைப் பார்த்த ஊழியர் தலையைத் தூக்கினார்.

"இது உன் பின்தெருதானப்பா? நடந்து போய் குடுத்தா ஆவாதா?"

ஆகாது. தணிகைவேல் அவனுடைய அக்கா ஹேமாவதியின் கணவர். பாவா என்று கூப்பிட்டுப் பழகிய மனிதரிடம் வாயால் சண்டை போட்டால், அடுத்த விருந்திலேயே அது கரைந்துபோகும். கரையக் கூடாது என்பதற்காகத்தான் தபால்.

ஹேமநாதன் திருத்தணியில் வீட்டோடு விசைத்தறி வைத்திருப்பவன். வண்டி அவனிடம் இரண்டாம் கையாக வந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய நூறு சிசி. அதன் சர்வீஸ் புத்தகத்தைச் சென்னையில் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து, படத்தைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே வேலை கற்றுக்கொண்டான். மாற்றிய பிளக்கின் அட்டைப்பெட்டியைக்கூட எறியாமல் வைத்திருப்பான். டேங்குக்குள் துரு பிடித்தபோது மட்டும், அதற்கான சாமான் தன்னிடம் இல்லாததால், ஜூலை மாதம் பாவாவின் பட்டறையில் விட்டான். அலசி, துரு நீக்கி, புதுப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார் பாவா. மாம்பழ மஞ்சள். அந்த மஞ்சளில் ஒரு தூசி உட்கார விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தான் ஹேமநாதன்.

செப்டம்பரில் அந்தப் புதன்கிழமை மணவூரில் ஒரு வளைகாப்புக்குப் போனார்கள். கேட்டுக்குச் சற்று முன்பு பெட்ரோல் தீர்வதுபோல் எஞ்சின் திணறவே, ஓட்டியபடியே டேங்குக்கு அடியிலுள்ள ‘காக்’ என்னும் பெட்ரோல் திருகை ரிசர்வுக்குத் திருப்பினான். கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தின்மேல் ஏறியதும் எஞ்சின் இருமியது. இரண்டாம் தண்டவாளத்தில் செத்தது. உதைத்தான். மறுபடி உதைத்தான். கேட்காரர் கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார்.

"வண்டிய உட்டுட்டு எறங்குய்யா! அரக்கோணம் வண்டி சொல்லிட்டாங்க!"

பிரேமா குதித்துவிட்டாள். ஹேமநாதன் விடவில்லை. முன்சக்கரம் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் சிக்கியிருந்தது. கேட்காரர் ஹேண்டிலைப் பிடித்து இழுக்க, இவன் பின்னாலிருந்து தூக்க, வண்டி எகிறி வெளியே வந்து விழுந்தது. அதன்பின் கேட் மூடியது, ரயிலும் போனது. பெட்டிகளின் காற்று முகத்தில் அடித்து ஓய்ந்ததும் ஹேமநாதன் விழுந்த வண்டியை நிமிர்த்தினான். பிரேமா தெற்றுப்பல் தெரிய அழுதுகொண்டே திருத்தணி முருகன் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஒரு வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முறைப்படி பார்த்தான். முதலில் பொறி: பிளக்கைக் கழற்றி, எஞ்சின் தலையில் சாய்த்து வைத்து உதைத்தால் நீலமாகப் பாய்ந்தது. ஆகவே மின்சாரத்தில் குற்றமில்லை. அடுத்தது பெட்ரோல். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துத் திருகை விலக்கி, வடிந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தான். சற்று நேரத்தில் டம்ளரில் இரண்டு அடுக்கு நின்றது. மேலே பெட்ரோல். கீழே தண்ணீர். டேங்கின் அடியிலும் தண்ணீர். காக் சாதாரண நிலையில் இருக்கும்போது குழாய் மட்டத்துக்கு மேலே உள்ள பெட்ரோல்தான் இறங்கும்; ரிசர்வுக்குத் திருப்பினால்தான் அடியில் கிடப்பது வரும். அதனால்தான் அத்தனை நாள் ஓடிய வண்டி சரியாக அந்த இடத்தில் நின்றிருக்கிறது.

தண்ணீர் எப்படி வந்தது? ஒரே பங்க்கில் பெட்ரோல் போடும் எதிர்வீட்டுச் சாமிநாதனின் வண்டியைக் கெஞ்சித் திறந்து பார்த்தான், சுத்தம். மூடிமேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. சாவி வீட்டில் ஆணியில் தொங்குவது. வேறு யார் அந்த டேங்கைத் திறந்தார்கள்? அலசியவர் ஒருவர்தான். தபால் போனது.

ஒப்புகை அட்டையில் கையெழுத்து மட்டும் வந்தது. ஒரு வாரம் கழித்து அக்கா வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஏன்டா, கூடப் பொறந்தவ புருஷனுக்கு நோட்டீஸ் உட்ட மொத ஆளு நீதான்டா இந்த ஊர்ல. பட்டறைல எல்லார் எதுர்லயும் தபால்காரர் கையெழுத்து கேக்கறாரு. அவரு நைட்டெல்லாம் சோறு துன்னல."

"நாங்க ரயில்ல அடிபட்டிருந்தா?"

"அவரு அலசிட்டு ரெண்டு நாளு வெயில்ல வெச்சாருடா. நான் பாத்தேன். நீ நம்ப மாட்ட. சரி, கேட்டுக்க. கார்த்திகை மாசம் மோனிகாவுக்கு மலைல காது குத்தறோம். நோட்டீஸ் உட்டவன் மடில எம் பொண்ண உக்கார வெக்க மாட்டாராம். நம்ம சித்தி மவன் வெங்கடேசன வெளியூர்லேர்ந்து வரச்சொல்லிட்டாரு."

 கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து அக்காவுக்குப் பிறந்த ஒரே குழந்தை மோனிகா. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்துவது அவன் உரிமை. குழந்தை பிறந்த நாளிலிருந்து அதற்கான கம்மலை அவன்தான் பார்த்து வைத்திருந்தான். ஆனாலும் டம்ளரில் இரண்டு அடுக்கைக் கண்ணால் கண்டவன் எப்படிப் பின்வாங்குவது? டேங்கை வடித்து, உலர்த்தி, தன் கையாலேயே மாட்டினான். வண்டி ஓடியது. அதுவே பாவாவுக்கு எதிரான சாட்சி என்று நினைத்துக்கொண்டான்.

அக்டோபர் கடைசியில், அரக்கோணத்திலிருந்து நூல் ஏற்றிவந்தபோது பெட்ரோல் குறைந்தது. காக்கை ரிசர்வுக்குத் திருப்பினான். எஞ்சின் இருமிச் செத்தது.

சாலையோரப் புளியமரத்தடிக்கு வண்டியைத் தள்ளி நிறுத்தினான். பாவாவின் கை இதில் படவில்லை. தானே உலர்த்திய டேங்க். தானே பூட்டிய மூடி. வீட்டுக்குத் தள்ளிவந்து டம்ளரில் பிடித்தான். முன்பைவிட இரண்டு மடங்கு தண்ணீர். இம்முறை அதற்கும் அடியில் வெளிறிய மஞ்சளாக ஒரு வண்டல் படிந்தது. விரலில் தொட்டு முகர்ந்தான். பெட்ரோல் நாற்றத்தையும் மீறிக்கொண்டு சந்தனம் மணந்தது.

"பிரேமா!"

தறியை நிறுத்திவிட்டு வந்தாள். டம்ளரைப் பார்த்தாள். அவள் முகத்தில் திருட்டுக் களை எதுவும் இல்லை.

"ஆங், நம்ம மலச் சந்தனம். நான்தான் கரைச்சி ஊத்தனேன்."

"எதுல ஊத்தன?"

"டேங்குலதான். கிருத்திகைக்குக் கிருத்திகை ஊத்தறேனே. நமக்கு வயிறு சரியில்லன்னா கரைச்சிக் குடிக்கறோம், அதுக்கும் வயித்துலதான ஊத்தணும்?"

ஹேமநாதன் டம்ளரைக் கீழே வைத்தான். "எப்பலேர்ந்து?"

"ஆடிக் கிருத்திகைலேர்ந்து. முன்னல்லாம் டேங்கு மேலதான் பொட்டு வெப்பேன். பெயின்ட் அடிச்சதும் நீங்க இன்னா பண்ணீங்க? நான் வெக்க வெக்கத் தொடச்சிகினே இருந்தீங்க. சாமி சந்தனத்த ஒருத்தர் தொடச்சிகினே இருந்தா வண்டிக்கு ஆவுமா? அதான் உங்க கை படாத எடத்துல ஊத்தனேன்."

"கேட்டுல நின்னப்புறமுமா?"

"அப்புறந்தாங்க சொம்பு நெறைய ஊத்தனேன்! நடு தண்டவாளத்துல நின்ன வண்டிய வெளிய தள்னது யாரு, நீங்களா? உங்களுக்கு அவ்ளோ தெம்பு ஏது?"

 டேங்கில் ஊற்றிய சந்தனத் தண்ணீர்தான் வண்டியைத் தண்டவாளத்தில் நிறுத்தியிருக்கிறது. அங்கிருந்து சாமி காப்பாற்றியதற்கு நன்றியாக அதே தண்ணீர் இரட்டிப்பாகப் போயிருக்கிறது. கையில் துணியோடு நின்று ஒவ்வொரு பொட்டையும் துடைத்தவன் அவன். அவன் விசாரித்த பட்டியலில் பங்க் இருந்தது, எதிர்வீடு இருந்தது, பாவா இருந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுக்கக்கூடிய இன்னொரு கை இருந்ததே இல்லை.

அவன் விளக்கிச் சொன்னபோதுதான் பிரேமா தரையில் உட்கார்ந்தாள். "அய்யய்யோ, அந்த ரயிலு..." என்றாள்.

மறுநாள் காலை, டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு பட்டறைக்கு நடந்தான். தணிகைவேல் ஒரு வண்டியின் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பாவா, உங்க மேல தப்பில்ல."

"தெரியும்."

டம்ளரை நீட்டினான். நடந்ததைச் சொன்னான். தணிகைவேல் முகர்ந்து பார்த்தார், மறுபடி முகர்ந்தார். அவர் கண்கள் விரிந்தன.

"சாமி சந்தனத்தயா? பெட்ரோல்லயா?" அவரையும் மீறி சிரிப்பு பீறிட்டது, சட்டென்று அடக்கிக்கொண்டார். "பிரேமாவ ஒண்ணும் சொல்லாத. அது பாசத்துல பண்ணது. நீ இன்னாத்துல பண்ண?"

ஹேமநாதன் தலைகுனிந்தான். "மன்னிச்சிடுங்க பாவா. மோனிகாவ..."

"வாயால சொல்லாத. உன் குத்தம் எனக்கு வாயால வர்ல. எட்டுப் பேரு எதுர்ல கையெழுத்துப் போட்டு வாங்கனேன். அதே மாரி வரணும். வெங்கடேசனுக்கு டிக்கெட் எடுக்கறதா வேணாமான்னு அத படிச்சிட்டுச் சொல்றேன்."

அன்று பிற்பகலே ஹேமநாதன் அதே தபால் நிலைய வரிசையில் நின்றான். ஊழியர் முகவரியைப் பார்த்தார். இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இருந்தது இது:

பொருள்: 11.09.2024 அன்று நடந்த சம்பவம் குறித்த குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுதல்.

மேற்படி நாளில் என் வாகனம் நின்றதற்குத் தாங்கள் காரணமல்ல. தாங்கள் டேங்கை நன்றாகவே உலர்த்தியிருந்தீர்கள். பொட்டைத் துடைத்த நானும், அதனால் உள்ளே ஊற்றிய என் மனைவியுமே காரணம். என் குற்றச்சாட்டை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். இக்கடிதத்தைப் பட்டறையில் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குழந்தை மோனிகாவுக்குக் காது குத்தும்போது அவள் யார் மடியில் உட்காருவாள் என்பதை, கம்மல் என்னிடம் தயாராக இருப்பதையும் கருத்தில் கொண்டு, தயவுசெய்து எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவும்.