இருபத்து மூன்றாவது ஆள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நம்பச் சொல்லி யார் காலிலும் விழ மாட்டேன். ஆனால் என் அக்கா இன்று உயிரோடு இருக்கிறாள் என்றால், அதற்குக் காரணம் செத்துப்போன ஒரு பெண். இதை யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணாடித் துண்டில் அணுக்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தானைத் தட்டி எண்ணுவதுதான் என் பிழைப்பு. எண்ணிக்கையில் எனக்குத் தவறு வராது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குக் கல்யாணம் தள்ளிப்போய் முப்பத்தெட்டு வயதில்தான் நடந்தது. மாமாவுக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டதாகச் சொன்னார். அவளுடைய போட்டோ ஒன்றுகூட அவர் வீட்டில் இல்லை. பார்த்தால் துக்கம் தாங்காதாம். அக்கா அதைக் கேட்டு உருகிப்போனாள். எனக்கு உருகவில்லை.

கல்யாணமான எட்டாம் மாதம் மாமா கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். நான் கூட வராமல் தான் போக மாட்டேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். வேறு வழியில்லாமல் என்னையும் சேர்த்துக்கொண்டார். அப்போது அவர் முகம் போன போக்கை நான் கவனித்தேன்.

கப்பல் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பகல் நிற்கும். கரையில் இறங்கி எதைப் பார்ப்பது என்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, ஐந்தாவது தளத்தில் இருக்கும் டூர் கவுண்டரில் பதிவு செய்ய வேண்டும். முதல் நாள் நானும் அக்காவும் கட்டில் முழுக்க விளம்பரத் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். அருவி, பழைய கோட்டை, அடியில் கண்ணாடி வைத்த படகு. அக்காவுக்கு எல்லாமே பிடித்தது. துறைமுகத்துக் கழிவறைக்கு டூர் போட்டிருந்தால் அதற்கும் டிக்கெட் எடுத்திருப்பாள்.

முதல் இரண்டு ஊர்களுக்கு மாமா வாயே திறக்கவில்லை. மூன்றாவது ஊருக்கு மட்டும் ஒரு தாளை எடுத்து மேலே வைத்தார். கடல் குகை. கடல் உள்வாங்கும் நேரத்தில் படகில் போய், மணல் திட்டில் இறங்கி, குகைக்குள் நடந்தே போகலாம். தண்ணீர் ஏறுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். அவருக்கும் அக்காவுக்கும் அது. எனக்கு அன்றைக்கு பஸ்ஸில் ஊர் சுற்றும் டூர்.

"உனக்குத் தண்ணி ஒத்துக்காதும்மா," என்றார்.

எனக்குத் தண்ணீர் நன்றாகவே ஒத்துக்கொள்ளும்.

மறுநாள் மாலை அவர்கள் கேபின் கதவுக்கடியில் டிக்கெட் உறை கிடந்தது. குகைக்கு இரண்டுதான் கேட்டிருந்தார். உள்ளே மூன்று இருந்தன. மாமா கவுண்டருக்குப் போய் ஒன்றை ரத்து செய்துவிட்டு வந்தார். அடுத்த நாள் காலை மறுபடி ஓர் உறை. மறுபடி மூன்று. உறையின் ஓரம் நனைந்து ஊறியிருந்தது. லிஃப்டிலிருந்து அவர்கள் கதவு வரை தரைவிரிப்பில் ஈரத் தடம்... போன தடம் மட்டும்தான். திரும்பி வந்த தடம் இல்லை.

மாமா மூன்றாவது டிக்கெட்டைக் கிழிக்கப் போனார். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். வீணாக்குவானேன், நானே வருகிறேன் என்றேன். அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது ஊர். வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் சட்டையில் ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். கைடு வயதானவர். கையில் தலை எண்ணும் சின்ன மெஷின் வைத்திருந்தார். ஒரு தலைக்கு ஒரு தட்டு. டக்... டக்... டக்... அவருக்கு நான் டக்டக் என்று பெயர் வைத்தேன்.

மொத்தம் இருபத்து இரண்டு பேர். டக்டக்கின் மெஷின் இருபத்து மூன்று என்றது.

மறுபடி எண்ணினார். இருபத்து மூன்று.

நான் எண்ணினேன். இருபத்து இரண்டு.

மூன்றாம் தடவையும் இருபத்து மூன்று வந்ததும் அவர் சலித்துப்போய் மெஷினைப் பையில் போட்டார்.

"கூட இருந்தா பரவாயில்ல. குறைஞ்சாத்தான் வம்பு," என்றார்.

மாமாவும் அக்காவும் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கம், மாமாவுக்கு நேராக ஒரு சீட் காலி. ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது. அடியில் ஏதோ சொட்டியது. டப்... டப்... குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். கடல் தண்ணீர்.

மாமா தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றவே இல்லை. ஏசி குளிரிலும் அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. அந்தச் சீட்டுப் பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை.

படகில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். மாறிவிடக் கூடாது என்று அக்கா தன் ஜாக்கெட் வாரில் சிவப்பு ஹேர் கிளிப்பை மாட்டி வைத்தாள். குகை வாசலில் இறங்கியபோது மணி இரண்டு இருபத்தைந்து.

"மூணு மணிக்குள்ள எல்லாரும் வெளிய இருக்கணும். அதுக்கப்புறம் கடல் நம்ம பேச்சைக் கேக்காது," என்றார் டக்டக்.

உள்ளே கும்மிருட்டு. ஆளுக்கொரு சின்ன டார்ச். மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போனார். இந்தப் பக்கமே முதல் தடவை வருவதாகச் சொன்னவர். ஆனால் டார்ச்சைப் போடவில்லை. தலையில் இடிக்கும் பாறை வருவதற்கு முன்பே குனிந்தார். பள்ளம் வருவதற்கு முன்பே காலை எட்டி வைத்தார்.

பின்னால் ஓடினேன். நடுவில் கூட்டம். ஒரு திருப்பத்தில் இரண்டு பேரையும் காணவில்லை.

மணி இரண்டு நாற்பத்தெட்டு. கணுக்காலில் தண்ணீர் ஏறியது.

யாரோ என்னை உரசிக்கொண்டு உள்ளே போனார்கள். ஈரக் கூந்தல் என் கழுத்தில் பட்டது. டார்ச்சைத் திருப்பினேன்.

யாரும் இல்லை.

"அக்கா..."

அலைச் சத்தம் மட்டும்.

பிறகு... அக்கா வந்தாள். ஓடி வந்தாள். அவள் மேல் ஜாக்கெட் இல்லை. வலது கை முன்னால் நீண்டிருந்தது. யாரோ பிடித்து இழுத்து வருவதுபோல.

அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

"மெதுவாடி, கை வலிக்குது," என்று சொல்லிக்கொண்டே வந்தவள், என் டார்ச் வெளிச்சத்தில் நின்றாள்.

"நீ இங்கயா இருக்க?"

"ஆமா."

"அப்ப என் கையைப் பிடிச்சது யாரு?"

அவள் மணிக்கட்டில் நான்கு விரல் தடம். ஐஸ்போலச் சில்லென்று இருந்தது.

மூச்சு வாங்கச் சொன்னாள். உள்ளே ஒரு பொந்து இருக்கிறதாம். மாமா அவளை அதில் உட்கார வைத்தாராம். ஜாக்கெட் போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்று கழற்றி வாங்கிக்கொண்டாராம். கண்ணை மூடிக்கொண்டு அலைச் சத்தத்தைக் கேள், நான் கூப்பிடும்வரை எழுந்திருக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்போதுதான் அந்தக் கை...

உள்ளேயிருந்து குரல் வந்தது. மாமாவின் குரல்.

"விடு."

அக்கா என் பக்கத்தில் நின்றாள்.

"விடுடி..."

அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அப்புறம் சத்தம் இல்லை.

மாமா என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே வந்தார். ஆரஞ்சு ஜாக்கெட். வெள்ளைத் தொப்பி. தலை குனிந்திருந்தது. எங்களைத் தாண்டிப் போனார். படகில் ஏறி, முன் மூலையில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. முழங்கால் தண்ணீரில் அவர் நடந்தபோது சலசலப்பே கேட்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

படகுக்காரர் அக்காவைத் திட்டிவிட்டு வேறு ஜாக்கெட் கொடுத்தார். டக்டக் எண்ணினார்.

டக்... டக்... டக்...

இருபத்து இரண்டு.

"சரியா இருக்கு," என்றார். நானும் எண்ணினேன். இருபத்து இரண்டுதான். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குப் படகு கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். குகை வாயைத் தண்ணீர் மூடிக்கொண்டிருந்தது.

கரை வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். முன் மூலையில் இருந்தவர் மட்டும் அசையவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை என்று அவர் முன்னால் போய் நின்றேன்.

ஜாக்கெட்.

அதன் மேல் தொப்பி.

உள்ளே ஆள் இல்லை.

ஜாக்கெட் வாரில் அக்காவின் சிவப்பு கிளிப். தொப்பியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. டப்... டப்...

என் அலறலைக் கேட்டு ஓடி வந்த டக்டக், அதைப் பார்த்ததும் படகின் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்களாம். திரும்பும்போது எண்ணிக்கை சரியாக இருந்ததாம். முன் மூலையில் மனைவி தூங்குகிறாள், எழுப்பாதீர்கள் என்றானாம் அந்தக் கணவன். கரையில் பார்த்தால் வெறும் ஜாக்கெட்டும் தொப்பியும். வழியில் கடலில் விழுந்துவிட்டாள் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதானாம். கடல் முழுக்கத் தேடினார்கள். குகைக்குள் யாரும் போய்த் தேடவில்லை. பழி டக்டக்கின் தலையில் விழுந்து, ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தாராம்.

என் போனில் இருந்த கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். கறுப்புக் கண்ணாடி இல்லாத மாமாவின் முகம்.

"இவர்தாம்மா," என்றார்.

மறுபடி கடல் உள்வாங்கியதும் போலீஸ் போனது. மாமா அந்தப் பொந்துக்குள் இருந்தார். மணிக்கட்டில் நான்கு விரல் தடம். அவருக்குப் பின்னால், பாறை இடுக்கில், ஒரு பெண்ணின் எலும்புகளும் இருந்தன.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்குப் போலீஸ் ஆயிரம் காரணம் சொன்னது. எனக்கு ஒரு காரணமும் வேண்டாம். அக்கா இன்றும் சில நாட்களில் அழுகிறாள். எனக்குத் துளிகூட வருத்தமில்லை. அந்த முதல் மனைவி மூன்று வருடம் அந்த இருட்டில் காத்திருந்தாள். நன்றாகச் செய்தாள்.

ஒன்று மட்டும் மனதை அரித்தது. கப்பலிலிருந்து சாமான்களை எடுக்கப் போனபோது கவுண்டர் பெண்ணிடம் கேட்டேன். ரத்து செய்த மூன்றாவது டிக்கெட்டைத் திரும்பப் பதிவு செய்தது யார்?

"உங்க அக்காதான். ரெண்டு தடவையும் அவங்கதான் வந்தாங்க. தலையெல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட..."

அக்கா அந்தக் கவுண்டர் பக்கமே போனதில்லை.

யாருக்கு என்று வந்தவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"தங்கச்சிக்குன்னு சொன்னாங்க. போக வர ரெண்டுக்கும் சேர்த்துத்தானேன்னு கேட்டேன். சிரிச்சாங்க. போறதுக்கு மூணு வேணும், திரும்பி வர்றதுக்கு ரெண்டு போதும்னாங்க."