புகை பார்க்கும் ஊரில் எங்கள் அப்பா

வடமராட்சியில் பிறந்து டேனிஷ் ஊரான பிராண்டேயில் கண்மூடிய எங்கள் அன்பு அப்பாவின் ஓராண்டு நிறைவான ஆட்டைத் திவசத்திற்காக, மூத்த மகளாகிய நான் இதனை எழுதுகிறேன். எழுதும்போதும் காது தொலைபேசியில்தான் இருக்கிறது. பயந்தாங்கொள்ளி என்று தம்பி சிரிப்பான். சிரிக்கட்டும். இந்தப் பயம் அப்பா எனக்குத் தந்த சீதனம்.

போரில் தமையனைப் பறிகொடுத்து அகதியாக வந்தவர் அப்பா. துணி ஆலையிலும், அது மூடப்பட்ட பின் காற்றாலை இறக்கைகள் செய்யுமிடத்திலும் உழைத்தார். "உடம்பு ஏலாது" என்று படுத்ததை நாங்கள் கண்டதில்லை. வந்த புதிதில், முன்வீட்டு நீல்ஸ் விடிந்ததும் எங்கள் யன்னலைப் பார்ப்பதைக் கண்டு நடுங்கிப்போனார்.

"ஆரோ எங்களை நோட்டம் விடுறாங்கள். யன்னல் சீலையை இழுத்து மூடு" என்று அம்மாவுக்குக் கட்டளையிட்டார். மறுநாளே நீல்ஸ் வந்து கதவைத் தட்ட, அப்பா எங்களைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவிட்டார்.

நீல்ஸ் கேட்டதோ, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று மட்டும். பிறகுதான் விளங்கியது. இந்தப் பக்கம் முன்பு வெறும் மணலும் புதரும். வீடுகள் தூரத்தூர இருந்தன. காலையில் அயல்வீட்டில் புகை எழாவிட்டால் பனியில் நடந்துபோய்ப் பார்ப்பார்களாம். இப்போது புகைக்குப் பதில் யன்னல் சீலை திறக்கிறதா என்று பார்க்கிறார்கள். அப்பாவும் விடிந்ததும் முதல் வேலையாக நீல்ஸின் யன்னலைப் பார்க்கத் தொடங்கினார். எவரையும் நம்பாதவர், வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு ஒன்றையே நீல்ஸிடம் கொடுத்துவைத்தார்.

"இந்தச் சனம் கனக்கக் கதையாதுகள் பிள்ளை. ஆனா பாக்குங்கள்" என்பார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும் அவருக்கு ஒரே கவலைதான்: "அம்மா தனிய இருப்பாவோ?" அப்பா போனபின், கோப்பன்ஹேகனில் என்னோடு வந்திருக்கும்படி அம்மாவைக் காலில் விழாக்குறையாகக் கேட்டேன். "நான் ஒரு இடமும் வரேல்லை" என்றுவிட்டார்.

போன மாதம் ஒரு காலை நீல்ஸ் தொலைபேசியில் அழைத்தார். சீலை திறக்கவில்லை, தட்டியும் பதிலில்லை, திறப்போடு உள்ளே போகிறேன் என்றார். ஐயோ, அந்தச் சில நிமிடங்கள்! முருகா, முருகா என்று சமையலறை நிலத்திலேயே இருந்துவிட்டேன். பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"ஒண்டுமில்லையடி. அப்பா போனதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் எனக்கு நித்திரை வந்தது. அதையும் இந்த மனிசன் வந்து கெடுத்துப்போட்டுது."

அப்பாவின் இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்தோர், சமைத்துத் தந்தோர், தொலைவிலிருந்து ஓடிவந்தோர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவின் நித்திரையைக் கெடுத்த நீல்ஸுக்கும். தயவுசெய்து, இனியும் கெடுங்கள்.