அண்ணையின் பெயரோடு எழும்பும் கணினி

அண்ணை செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு, அச்சுவேலியில் அவர் நடத்திய பிரிண்ட் கடையை அண்ணி திரும்பத் திறந்தார். வாங்கிய புது பிரிண்டரைக் கணினி ஏற்கவில்லை. அதில் இருந்த லினக்ஸ் இயங்குதளம் மிகப் பழையது. கடை ஓடாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற தன் தமையனிடம் அண்ணி கையேந்த வேண்டும். அதைச் செய்ய மாட்டார். என்னைக் கூப்பிட்டார்.

அப்கிரேட் ஒரு பிழையும் காட்டாமல் முடிந்தது. நிறுத்தித் திரும்பப் போட்டேன். கறுப்புத் திரையின் முதல் வரியில் பழைய கேர்னல்தான் வந்தது. கணினி எழும்பும்போது முதலில் ஏறுகிற அடிப்பகுதி அது. அதை அண்ணை தானே கட்டியிருந்தார். கட்டியவரின் பெயரும் அந்த வரியில் வரும். செத்த மனிதரின் பெயர்.

புதியது டிஸ்கில் கிடக்கிறது, கண்ணால் பார்த்தேன். எழும்புவது பழையது. டிஸ்கில் இருந்த பழையதை அழித்தேன். அப்போதும் அதே பெயர் வந்தது. இல்லாத ஒன்று எப்படி எழும்பும்? பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் திரும்பிப் பின்னால் ஒருமுறை பார்த்தேன்.

"உவர் இருக்கேக்கையும் ஒருத்தரையும் தொடவிடேல்லை, இப்பவும் விடமாட்டாராம்," என்றார் அண்ணி.

"பகிடி விடாதேங்கோ அண்ணி. எனக்கு விசர் வருது."

கடைசியில் கணினிப் பெட்டியின் முன்பக்கத்தை விரலால் தடவினேன். சரஸ்வதி பூசைக்கு அண்ணை வருடா வருடம் ஒரே இடத்தில் வைத்த சந்தனம் காய்ந்து கட்டியாக நின்றது. பூசைச் சந்தனத்தைச் சுரண்டுகிற ஆள் எங்கள் வீட்டில் இல்லை. நானும் அதைச் சுற்றித்தான் தூசி துடைத்திருந்தேன். இப்போது சுரண்டினேன். உள்ளே, யூஎஸ்பி துளையில் செருகியபடி நகமளவு பென் டிரைவ். கணினி எழும்புவது அதிலிருந்து. யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் அது இயங்கக் கூடாது என்று, கடை பூட்டும்போது முன்பெல்லாம் அண்ணை பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு போவார். ஆமி வீடு கடையெல்லாம் செக்கிங் செய்த காலத்துப் புத்தி. பிறகு சோம்பலில் அப்படியே விட்டிருக்கிறார். அப்கிரேட் புதியதை டிஸ்கில் வைத்துவிட்டுப் போயிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

"அப்ப இனி அந்தப் பேர் வராதோ?"

"வராது. பிரிண்டர் வேலை செய்யும்."

"பழசையும் உதுக்குள்ள விட்டுவிடுங்கோ தம்பி. இடம் இருக்குத்தானே?"

இருந்தது. புதியதைப் பென் டிரைவில் போட்டு, பழையதை இரண்டாவது தெரிவாக விட்டேன். பிரிண்டர் உறுமிக்கொண்டு முதல் தாளைத் தள்ளியது. அண்ணி அதை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த கிழமை போனபோது, பிள்ளையின் பாடத்தாள் பிரிண்ட் எடுக்க ஒரு பெண் நின்றார்.

"இண்டைக்கு பிரிண்டர் வேலை செய்யாது, பிள்ளை," என்றார் அண்ணி.

சொல்லிக்கொண்டே கணினியை நிறுத்தினார். போட்டார். பழையதைத் தெரிவு செய்தார். அண்ணையின் பெயரோடு முதல் வரி வந்து மேலே ஓடி மறைந்தது. திரும்ப நிறுத்தினார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. செத்தவர் வந்து சோறு போடுவாரா என்று கேட்க வாய்வரை வந்தது. அந்தப் பெண்ணைச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற மற்றக் கடைக்குப் போகச் சொன்னேன். ஸ்டூல் ஒன்றை இழுத்து அண்ணிக்குப் பக்கத்தில் போட்டு அதில் இருந்தேன். அண்ணி மறுபடியும் சுவிட்சை அழுத்தினார்.