நாலு மணிக்கு அவர் போகும் இடம்

புருஷன் குடியைக் குறைத்தால் எந்தப் பெண்ணுக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அவளுக்கோ வயிறு எரிந்தது.

பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவள் கெஞ்சியும், சண்டை போட்டும், பட்டினி கிடந்தும் நடக்காத காரியம் இரண்டே மாதத்தில் தானாக நடக்கிறது என்றால் சும்மாவா? வேலை இல்லாத புதன்கிழமைகளில் அவளே கண்ணால் பார்த்தாள். மூன்றரைக்கு எழுந்து முகம் மழிக்கிறார். துவைத்த சட்டையைத் தேடிப் போட்டுக்கொள்கிறார். "சும்மா ஒரு நடை" என்று கிளம்பி, ஆறு மணிக்கு வாடையில்லாமல் திரும்பி வருகிறார்.

கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறையில் அவர் லேத்து ஓட்டியவர். கடைந்த இரும்பில் ஒரு நூல் பிசகாது என்பதால் அங்கே அவருக்கு 'நூலு' என்றே பெயர். கார் விற்பனை படுத்ததும் வாரம் மூன்று நாள் வேலை என்றார்கள். அப்புறம் ஒரு நாள் கேட்டையே பூட்டிவிட்டார்கள். "அடுத்த மாசம் திறந்துடுவாங்க" என்று நான்கு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது மாதம் அதைச் சொல்வதை நிறுத்தினார். சாயங்காலக் குடி மதியத்துக்கு நகர்ந்தது, மதியத்திலிருந்து காலைக்கு வந்தது. வீட்டுச் சாவி இரண்டில் ஒன்றைப் போதையில் எங்கோ தொலைத்தார். அன்றிலிருந்து அவள் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுவாள், அவர் தள்ளாடி வந்து திறப்பார்.

அவள் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்துக் கொடுக்கும் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஓட்டல் அறைகள் காலியாகக் கிடந்ததால் அங்கேயும் விரிப்பு வரத்து பாதியாகி, புதன்கிழமை விடுமுறை என்று அறிவித்திருந்தார்கள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்து அவளோடு சேர்ந்து மடிப்பவள் வாய் ஓயாதவள். ஒரு நாள் மூலையோடு மூலை சேர்க்க நெருங்கி வந்தபோது காதோரம் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரரை பஸ் நிறுத்தத்துப் பக்கம் பார்த்தேன்க்கா. சாவிக்கடையில."

"சாவி போட போயிருப்பார்."

"மூணு நாளா பார்க்கிறேன். அப்படி எத்தனை பூட்டு இருக்கு உங்க வீட்ல?"

அன்று மடித்த விரிப்புகளில் பாதி கோணலாகப் போயின.

அடுத்த புதன்கிழமை, அவர் கிளம்புவதற்கு முன்பே மார்க்கெட் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். சாவிக்கடை ஒரு அலமாரி அகலம்தான். உள்ளே சாவி வெட்டும் இயந்திரம், வெளியே ஒரு ஸ்டூல். கடைக்காரிக்கு வயது நாற்பதுக்குள் இருக்கும். அழகியா என்று முதலில் பார்த்தாள். இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அழகியாக இருந்திருந்தால் காரணமாவது புரிந்திருக்கும்.

சலவைக் கூடத்தில் பை வைக்கும் பெட்டியின் சாவியை நீட்டினாள். "இதுக்கு இன்னொண்ணு வேணும்."

கடைக்காரி சாவியில் தொங்கிய தகட்டைப் பார்த்தாள். எண்ணுக்குக் கீழே சலவைக் கூடத்தின் முத்திரை இருந்தது. கடைக்காரியின் முகம் மாறியது.

"நீங்க... லேத்துக்கார அண்ணன் வீட்ல அண்ணியா?"

"அண்ணனா! எத்தனை நாளா இந்த உறவு?"

"உட்காருங்க அண்ணி."

"அந்த ஸ்டூல்ல நான் எதுக்கு உட்காரணும்? அது வேற யாருக்கோ போட்டதாச்சே."

கடைக்காரிக்குக் கோபம் வரவில்லை. இயந்திரத்தை அணைத்தாள்.

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு மத்தியானம் வந்தார். நல்ல போதை. வீட்டுச் சாவிக்கு இன்னொண்ணு போடச் சொன்னார். 'யாருக்கு'ன்னு கேட்டேன். 'என் சம்சாரத்துக்கு. நாளைக்கு அவ வந்து கதவைத் தட்டிட்டு நிக்கக் கூடாது, தானே திறந்துக்கணும்'னார். எனக்கு உடம்பே சில்லிட்டுப் போச்சு. எங்க வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி. வேலை நின்ன வருஷம் அவரும் இப்படித்தான் குடிச்சார், இப்படித்தான் அமைதியா பேசினார். எங்க வீட்டுக் கதவை உடைச்சுத்தான் திறந்தோம். அதனால நேராவே கேட்டேன். 'அண்ணே, சாகப்போறீங்களா?'ன்னு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதே இடத்துல உட்கார்ந்து அழுதார். 'இந்த மாதிரி சாவி கைவசம் இல்ல, நாளைக்கு நாலு மணிக்கு வாங்க. குடிச்சிருந்தா வெட்டித் தரமாட்டேன்'னு பொய் சொன்னேன். மறுநாளும் இல்லேன்னேன். அப்புறம் அவரே சாவியைக் கேக்கிறதை விட்டுட்டார். பெரியாஸ்பத்திரியில குடியை நிறுத்த ஒரு டாக்டரம்மா இருக்காங்க. ஒவ்வொரு வியாழக்கிழமையும் கூட்டிட்டுப் போறேன். உங்ககிட்ட சொல்லுங்கன்னு வாரா வாரம் சொல்றேன் அண்ணி. கேக்க மாட்டேங்கிறார்."

நன்றி சொல்ல வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. வாய் வரவில்லை. புருஷன் இன்னொருத்தியோடு படுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. சாவைப் பற்றிப் பேச அவருக்கு வேறொருத்தி கிடைத்திருக்கிறாள். பக்கத்தில் படுப்பவள் தினமும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இன்னைக்கும் குடிச்சீங்களா?"

ஆறு மணிக்கு அவர் வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"சாவிக்கடைக்குப் போயிருந்தேன். அவகிட்ட சொன்னதையெல்லாம் எனக்கும் சொல்லுங்க. ஒரு சொல்லு மிச்சம் வைக்கக் கூடாது."

அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவே. அவ பயப்படல."

"பயப்படுறேன்தான். பயந்துகிட்டேதான் கேக்கிறேன். செத்துடலாம்னு இப்பவும் தோணுதா?"

செருப்பைக் கழற்றிவிட்டு, "சில நாள்" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். வேலை போனதிலிருந்து தன் கைகளைப் பார்க்கவே கூச்சமாக இருப்பதையும், அவள் வேலைக்குக் கிளம்பும் ஓசை கேட்டும் தூங்குவதுபோல் கிடந்ததையும் சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. அழுகையை மட்டும் அடக்க முடியவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டு அவளும் போனாள். டாக்டரம்மா ஒரு தாளைக் கொடுத்து, அந்த எண்ணம் வந்தால் உடனே யாரைக் கூப்பிடுவீர்கள் என்று வரிசையாக எழுதச் சொன்னார். அவள் எட்டிப் பார்த்தாள். முதல் வரியில் சாவிக்கடை. இரண்டாவதாக அவள்.

"ஏன் நான் ரெண்டாவது?"

"நீ வேலையில போன் எடுக்க முடியாதே" என்றார் பாவமாக.

மறுநாளே மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். மடிப்பு மேசையில் போன் கூடாது என்பது அங்கே விதி. வேலையை விட்டாலும் விடுவேன், போனை விடமாட்டேன் என்று இவள் நின்ற நிற்பைப் பார்த்து அவர் தலையசைத்துவிட்டார்.

மூன்று வாரம் போன் அவள் வேலைச் சட்டைப் பையில் ஊமையாகக் கிடந்தது. பட்டறை இயந்திரங்களை ஏலம் விட்ட அன்று, நாலு பத்துக்கு அடித்தது.

"என்னங்க?"

"என் லேத்தை லாரியில ஏத்திட்டாங்க. மனசு சரியில்ல. குடிக்கல, ஆனா... சாவிக்கடை பூட்டியிருக்கு."

சுருக்கென்றது அவளுக்கு. கடை பூட்டியிருந்தால்தான் பெண்டாட்டி ஞாபகம் வரும்போல.

"அங்கேயே நில்லுங்க. பேசிக்கிட்டே வர்றேன்" என்று போனைக் காதில் வைத்தபடி படியிறங்கினாள்.

அதன் பிறகு ஒரு முறை சறுக்கி இரண்டு நாள் குடித்தார். டாக்டரம்மா திட்டவில்லை, மறுபடி தொடங்கலாம் என்றார். இப்போது தண்ணீர்ப் பம்பு பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்கிறார், சம்பளம் குறைவுதான். பொறாமை அவளை விட்டு முழுதாகப் போகவில்லை. சாவிக்கடையைத் தாண்டும்போது நலம் விசாரிப்பாள், ஸ்டூலிலும் உட்காருவாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு அவகிட்ட என்ன பேசினீங்க?" என்று கேட்காமல் அவளால் இருக்க முடிவதில்லை. அவரும் சொல்லிவிடுகிறார்.