வீட்டைத் தூக்கிய வாரம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், தீபாவளிக்கு முந்தின வாரத்தில் எங்கள் வீடு மேலே போனது. இதைச் சொன்னால் கல்லூரியில் கூடப் படிக்கிறவர்கள், மாடி கட்டினீங்களா என்று கேட்கிறார்கள். மாடியும் இல்லை, கீடியும் இல்லை. இருந்த வீடு இருந்தபடியே சுவரும் ஜன்னலும் கூரையுமாக மூன்றடி உயர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு வியாதி உண்டு. ரோடு போட வருகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தாத்தா கட்டிய காலத்தில் வாசலுக்குப் படி ஏற வேண்டுமாம். எனக்கு விவரம் தெரிந்தபோது ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருந்தது. மழை பெய்தால் தண்ணீரும் எங்களைப் போலவே கேட்டைத் தாண்டி இறங்கி ஹாலுக்கு வந்துவிடும். முந்தைய வருஷ மழையில் சோஃபா ஊறி நாறிப்போய், அதைத் தெருவில் தூக்கிப் போட்டோம். அன்றைக்கே அப்பா முடிவு பண்ணிவிட்டார், ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிடுவது என்று.

தாத்தா தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒட்டினாற்போல இரண்டு வீடு கட்டியிருந்தார். ஒன்றில் பெரியப்பாவும் பெரியம்மாவும், இன்னொன்றில் நாங்கள். சுவர்கள் தனித்தனி, நடுவில் சந்து கிடையாது. இரண்டு சமையலறைக்கும் இடையே ஒரு வழி மட்டும் வைத்திருந்தார். நடுக்கதவு என்று அதற்குப் பெயர், சாத்தி நான் பார்த்ததே இல்லை. கிரைண்டர் பெரியம்மா பக்கம், ஃப்ரிட்ஜ் எங்கள் பக்கம். மாவு அங்கே அரைபட்டு இங்கே வந்து குளிரும். காலையில் எந்த அடுப்பு முதலில் பற்றுகிறதோ அங்கே இட்லி. அவர்கள் வீட்டு அண்ணன் வேலைக்குப் பெங்களூர் போய்விட்டதால் எனக்கு இரண்டு வீட்டிலும் செல்லம். பசித்தால் எந்த டப்பாவில் வேண்டுமானாலும் கை விடுவேன்.

இரண்டு வீட்டையும் சேர்த்தே தூக்கிவிடலாம் என்று அப்பா தன் அண்ணனிடம் கேட்டார். பெரியப்பா சிரித்தார். "வீட்டைப் போய் எவனாவது ஆட்டிப் பாப்பானாடா? நீ தூக்கு, நான் வேடிக்கை பாக்கறேன்."

பெரியப்பாவுக்குக் குரோம்பேட்டையில் பெல்ட்டும் பர்ஸும் விற்கிற கடை. ஜனங்கள் போனைத் தடவியே பெல்ட்டு வாங்க ஆரம்பித்திருந்த காலம் அது. இதையும் அந்தச் சிரிப்பையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை. பயந்தாங்கொள்ளி பெரியப்பா என்று பாட்டுக் கட்டி அவரையே சுற்றிச் சுற்றி வந்து பாடினேன். அவரும் தாளம் போட்டார்.

வேலை முடிகிற வரை நாங்கள் பெரியப்பா வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. ஃப்ரிட்ஜ், பீரோ, கட்டில், என் ஸ்கூல் பை எல்லாம் அவர்கள் ஹாலுக்குப் போய், நடக்கக்கூட இடமில்லாமல் ஆயிற்று. திங்கட்கிழமை ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால், ஐயையோ, எங்கள் வீட்டுச் சுவருக்குக் கீழே சுவரைக் காணோம்! வரிசையாக இரும்பு ஜாக்கிகள்தான் இருந்தன. அந்த இடைவெளியில் தெருநாய் ஒன்று புகுந்து ஹாலைக் கடந்து அந்தப் பக்கம் போனது. வடக்கத்திப் பையன்கள் ஆளுக்கொரு ஜாக்கி முன்னால் குந்தியிருந்தார்கள். மேஸ்திரி விசில் ஊதினால் எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரு திருப்பு. வீடு எங்கேயோ உள்ளுக்குள் 'கரக்' என்றது. நான் பையைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். மேஸ்திரி, "இன்னா பாப்பா, வூடு எங்கியும் பூடாது, தோ கீது பாரு" என்றார். அந்தப் பையன்களுக்குத் தீபாவளிக்கு ஊருக்கு ரயில் ஏற வேண்டும், அதனால் பேய் மாதிரி வேலை செய்தார்கள்.

அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு அதிர்ச்சி. தரை அப்படியே கிடக்க, சுவர் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. காலையில் கைக்கு எட்டிய சுவிட்ச் சாயங்காலம் எட்டவில்லை. சுவரில் பதித்திருந்த கண்ணாடியில் முதல் நாள் மூக்கு வரை தெரிந்தேன், மறுநாள் வகிடு மட்டும்தான். அப்பா லீவு போட்டுவிட்டு ஜன்னல் கட்டையில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து இழுத்து, "ஒரு சொட்டு சிந்தல பாருங்க சார்" என்று காட்டிக்கொண்டிருந்தார். தெருவே வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில், தூசி வராமல் நடுக்கதவு வழியில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, பெரியம்மா அடுப்பில் தீபாவளிப் பலகாரமும் நடந்தது. அம்மா பிழிவாள், பெரியம்மா எடுப்பாள். "இனிமே ஏணி வச்சுத்தான் உன்னைப் பாக்கணும் போலிருக்கே" என்று பெரியம்மா கேலி பண்ணினாள். "நீங்க வேற, போங்கக்கா. அடுத்த வருஷம் உங்களுதையும் தூக்கிட்டா சரியாப் போச்சு" என்றாள் அம்மா. பெரியம்மா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே முறுக்கைத் திருப்பிப் போட்டாள்.

சுவருக்கு அடியில் செங்கல் வைத்துக் கட்டி, ஹாலையும் சமையலறையையும் மட்டும் மண் கொட்டி நிரப்பி, மேலே சிமென்ட் பூசிக் கொடுத்துவிட்டுப் பையன்கள் ரயிலைப் பிடித்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் பால் காய்ச்ச அம்மா பாத்திரத்தோடு சமையலறைக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நடுக்கதவைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை! பைப்பு, சாக்கடை, கரன்ட் என்று அப்பா எல்லாவற்றையும் யோசித்திருந்தார். கதவை மட்டும் மறந்துவிட்டார். எங்கள் நிலைப்படி சுவரோடு சேர்ந்து மூன்றடி ஏறியிருந்தது, அவர்களுடையது இருந்த இடத்திலேயே இருந்தது. மிஞ்சியது பாதி வழிதான். எங்கள் பக்கம் தரையோடு தரையாக ஒரு பொந்து, அவர்கள் பக்கம் இடுப்புக்கு மேலே ஒரு ஜன்னல். நாங்கள் குந்தி உட்கார்ந்து குனிந்தால்தான் பெரியம்மா முகம் தெரியும். அவள் இடுப்புக்கு மேலே தூக்கி நீட்டினால்தான் மாவுப் பாத்திரம் எங்களுக்கு வரும். எனக்கென்னவோ அது ரொம்பப் பிடித்திருந்தது. தாம்பரம் ஸ்டேஷன் கவுன்டர் மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எங்க போகணும், எங்க போகணும் என்று பெரியம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அன்று ராத்திரிக்குள் எங்கள் சாமான்கள் எல்லாம் வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டன. தீபாவளியன்று காலையில் பிடித்துக்கொண்ட மழை விடவே இல்லை. மத்தியானம் ரோட்டுத் தண்ணீர் வழக்கம்போல எங்கள் கேட்டைத் தாண்டி வந்தது. வந்து புதுச் செங்கல் சுவரில் முட்டி நின்றது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். தண்ணீர் கொஞ்ச நேரம் அங்கேயே சுழன்றுவிட்டு, மெல்லத் திரும்பிப் பக்கத்து வாசலுக்குப் போயிற்று. எங்களுக்கு வர வேண்டியதும் சேர்ந்து அங்கேதான் போயிற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குதித்துக்கொண்டே ஓடிப்போய் நடுக்கதவில் தலையை நீட்டினேன்.

"பெரியப்பா! நம்ம வீட்ல ஒரு சொட்டு தண்ணி வரல!"

பெரியப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரமான மனிதர், அதுவரை நான்தான் அவரை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அன்று அவர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"அப்படியா கண்ணு? ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார்.

அதற்குள் அம்மா புதுப்புடவையோடு தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். பெரியம்மா அரிசி டின், மிக்ஸி, முறுக்கு டப்பா என்று ஒவ்வொன்றாகக் கையை உயர்த்திக் கொடுக்கக் கொடுக்க வாங்கி வைத்தாள். கிரைண்டரைத் தூக்க முடியவில்லை, அது தண்ணீரிலேயே நின்றது. அப்பா புது பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கிப் போய், மேலே வந்துடுங்கண்ணா, வந்துடுங்கண்ணா என்று கூப்பிட்டுப் பார்த்தார். இது என்ன புதுசா, வடிஞ்சிடும், நீ போய்ப் புள்ளையோட பட்டாசு வெடி என்று பெரியப்பா அனுப்பிவிட்டார். ஜன்னலில் இருந்த டம்ளரை அன்று சாயங்காலம் அப்பா எடுத்து உள்ளே வைத்தார்.

தண்ணீர் வடிந்ததும் டப்பாக்கள் எல்லாம் திரும்பிப் போயின. ஸ்கூல் திறந்து, ஒருநாள் நான் வீட்டுக்கு வந்தால், சமையலறையில் நடுக்கதவைக் காணோம். அந்த இடத்தில் செங்கல், ஈரம் காயாத சிமென்ட். அந்த வாரம் முழுக்கப் பார்த்த அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பெரியப்பாதான் கோபத்தில் அடைத்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, டைல்ஸ் போட வந்த கொத்தனாரைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னது அம்மா!

அப்பாவுக்கே தெரியாது. ஆபீஸிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றாமல் நின்றார். "அண்ணி என்னடி நினைப்பாங்க?" என்றார்.

"அவங்க எட்டி எட்டிக் குடுக்கறதை நான் குனிஞ்சு குனிஞ்சு வாங்கணுமா? தினமும் அந்த முகத்தை மேல இருந்து பாக்க என்னால முடியாதுங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு வெங்காயம் கூட நறுக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரியம்மாவோட சண்டையாம்மா?" என்று கேட்டேன்.

"சண்டைன்னாதான் பரவாயில்லையேடி. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் தீர்ந்துடும்."

சண்டை இல்லை என்றதுமே எனக்கு உயிர் வந்தது. அது போதும் என்று தெருவில் இறங்கி, எங்கள் வீட்டிலிருந்து முதல் தடவையாக வாசல் வழியாகப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பாதித் தெரு நடந்தாற்போல இருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பெரியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே போய், நல்ல எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, அதில் இரண்டு முறுக்கு வைத்துக் கொண்டுவந்து, "சாப்பிடும்மா" என்று நீட்டினாள்.

அந்த வீட்டில் எனக்கு யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததே இல்லை, நானே டப்பாவில் கைவிட்டு எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். பெரிய மனுஷியாகிவிட்டேன் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. ஒரு துண்டுகூடச் சிந்தாமல் மரியாதையாகத் தின்று முடித்து, வீட்டுக்கு ஓடிவந்து அதை அம்மாவிடம் சொன்னேன்.