இரும்புச் சிப்பாயின் குரல்

மொராதாபாத்தில் பித்தளைக்கு மெருகேற்றும் ஷராஃபத்துக்குத் தொண்டை பாதி போயிருந்தது. பதினாறு வயதிலிருந்து மெருகுச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து தூசியை விழுங்கியவன். பேசினால் இரும்பில் இரும்பு உரசுவது போலிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் சினிமாக் கொட்டகையில் அந்தக் குறைதான் அவனுக்குப் பெருமை. வேறு கிரகத்திலிருந்து தப்பி வந்த இரும்புச் சிப்பாய் இந்தியில் பேசும் படத்தைப் பதினொரு முறை பார்த்திருந்தான். திரையில் சிப்பாய் வாயைத் திறப்பதற்குள் முதல் வரிசையிலிருந்து ஷராஃபத் வசனத்தைச் சொல்லிவிடுவான். இரண்டும் ஒரே குரல் என்று தெருவே சத்தியம் செய்யும்.

அந்த வருடம் ஈத்துக்கு மறுநாள், மதியக் காட்சி. நடைபாதையிலும் ஆட்கள். இடைவேளை வரை சிப்பாய் இந்தியில் கர்ஜித்தது. இடைவேளைக்குப் பிறகு எதிரியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியது, இங்கிலீஷில் பேசியது. மெலிந்த, மூக்கால் வரும் குரல். இந்திக்குப் பதில் இங்கிலீஷ் ரீல் பெட்டியை மாற்றி அனுப்பிவிட்டார்கள்; ஆபரேட்டர் மகிபால் வந்ததை ஓட்டினான். கீழே இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்களைப் பொறுத்தவரை சிப்பாய் பிறந்ததிலிருந்தே இந்திதான் பேசியது.

“என்னடா, இதுக்கு ஜலதோஷமா?”

“ஏய் மகிபால்! நம்ம ஆளு குரலை எங்கடா ஒளிச்சு வச்சே?”

“வித்துத் தின்னுட்டான் ஆபரேட்டர்!”

முதல் நாற்காலிப் பலகையைப் பிடுங்கி வீசியவன் ஷராஃபத்தான். அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. சோடா பாட்டில்கள் பறந்தன. ஒரு கூட்டம் பால்கனிப் படியில் ஏறியது. ஆபரேட்டர் அறைக் கதவு பிளந்தது. பிறகு மகிபாலின் அலறல்.

சினிமாவில் எத்தனையோ அலறல்களை ஷராஃபத் கேட்டிருக்கிறான். இது அப்படி இல்லை. குழந்தை கத்துவது போலக் கீச்சென்று இருந்தது. ஆட்களை மிதித்துக்கொண்டு படியேறினான்.

உள்ளே நாலு பேர். மகிபாலின் வலது கையை மேசைமேல் அழுத்திவைத்து, ஒருவன் தகர ரீல் டப்பாவின் விளிம்பால் குத்திக்கொண்டிருந்தான். “குரலைக் குடுடா! குடு!” இன்னொருவன் கையில் உடைந்த பாட்டில்.

ஷராஃபத் உடைந்து கிடந்த நாற்காலிக் கால் ஒன்றை எடுத்து டப்பாக்காரன் முழங்கையில் இறக்கினான். எலும்பு முறிந்தது காதில் விழுந்தது. பாட்டில் ஷராஃபத்தின் கன்னத்தைக் காதிலிருந்து தாடைவரை கிழித்தது. படியில் இன்னும் பத்துப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். அடித்து மகிபாலைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்துவிட்டது. கையை நீட்டி, சத்தத்தின் குமிழை முழுக்கத் திருகி அணைத்தான்.

கொட்டகை திடுக்கிட்டு அடங்கியது. அவன் அறையிலிருந்து வெளியே வந்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் சிப்பாயின் உதடு அசைந்தது.

“உங்க மாதிரி நூறு பேரை ஒத்தக் கையால அள்ளினவன் நான். முதல்ல எவன் வர்றே?”

கீழே ஒருவன் விசிலடித்தான். “அதேதாண்டா! குரல் வந்துருச்சு!”

ஓங்கிய கைகள் இறங்கின. ஷராஃபத் திரும்பாமலே கேட்டான்.

“மகிபால், உயிரோட இருக்கியா?”

“இருக்கேன் பாய். கை போச்சு.”

“இடது கையால ரீலை மாத்து. படம் நின்னா ரெண்டு பேரையும் கொன்னுடுவானுங்க.”

ஒரு மணி நேரம். சிப்பாய், எதிரி, படத்தில் வரும் சின்னப் பெண், எல்லோருக்கும் அவனே பேசினான். வாய்க்குள் வழிந்த ரத்தத்தை வசனத்துக்கு வசனம் துப்பினான். கடைசியில் சிப்பாய் நொறுங்கி விழுந்தது. “என்னைக் கழட்டி எடுத்துக்கோ. ஏதாவது ஒண்ணு உனக்கு ஆகும்” என்றான். ஜனங்கள் உடைத்த பலகைகளின் மேலேயே உட்கார்ந்து அழுதார்கள். டப்பாக்காரன் முறிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்தான்.

இப்போது அந்தப் படம் கைபேசியில் இரண்டு குரலிலும் கிடைக்கிறது. அந்தத் தெருவில் இங்கிலீஷை யாரும் தொடுவதில்லை. இந்தியைப் போட்டுவிட்டும், “இதெல்லாம் நகல், அசல் ஷராஃபத் பேசினதுதான்” என்பார்கள்.

நாற்பத்தேழு வயதில் பித்தளைத் தூசி ஷராஃபத்தின் மூச்சை நிறுத்தியது. அடக்கத்துக்கு மகிபால் வந்தான். குழியில் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவது வழக்கம். அவனுடைய வலது விரல்கள் அன்றைக்குப் பிறகு மடங்கியதே இல்லை. அள்ளிய மண் குழிக்குப் போவதற்குள் சரிந்தது.

“இடது கையால போடுங்க, அண்ணே” என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன்.

“இல்ல. இந்தக் கையாலதான்.”

மூன்று பிடிக்கு அவன் எட்டு முறை குனிந்தான்.